உருமாற்றப்பட்ட ஒளிப்படங்களின் மீட்டெடுப்பு

உருமாற்றப்பட்ட ஒளிப்படங்களின் மீட்டெடுப்பு என்பது, கணினி மென்பொருளின் உதவியால் திரிக்கப்பட்ட அல்லது மறைக்கப்பட்ட ஒளிப்படம் ஒன்றிலிருந்து அதன் மூலத் தோற்றத்தை இயன்ற அளவு திரும்பப் பெறும் தடயவியல் முறையாகும். முகம், வாகனப் பதிவெண், ஆவணத்தின் எழுத்துகள் ஆகியவையே பெரும்பாலும் இவ்வாறு மறைக்கப்படுகின்றன. ஒரு படம் கண்ணுக்கு எவ்வளவு சிதைந்து தெரிகிறது என்பதைக் கொண்டு அதனை மீட்க இயலுமா எனக் கூற முடியாது. படத்தில் இருந்த தகவல் இடம் மாற்றப்பட்டதா, அழிக்கப்பட்டதா என்பதே அதனைத் தீர்மானிக்கிறது.

அடிப்படை

எண்ணிம ஒளிப்படம் என்பது பிக்சல் எனப்படும் படவணுக்களின் அட்டவணை ஆகும். ஒவ்வொரு படவணுவும் நிறத்தைக் குறிக்கும் சில எண்களைக் கொண்டது. எனவே படத்தைத் திருத்துவது என்பது எண்களின் மீது ஒரு கணக்கைச் செய்வதே. அக்கணக்குக்கு, பள்ளிக் கணிதத்தில் வரும் நேர்மாறு சார்பு போன்ற ஒன்று இருக்குமானால், விடையிலிருந்து வினாவை அடையலாம். வெவ்வேறு எண்கள் பல ஒரே விடையைத் தருமானால், விடையை மட்டும் வைத்துக்கொண்டு திரும்பிச் செல்ல வழியில்லை.

சுழல் திரிப்பு

படத் திருத்த மென்பொருள்கள் பலவற்றில் உள்ள சுழல் வடிகட்டி, முகத்தை நீர்ச்சுழி போல முறுக்கிவிடுகிறது. ஒன்றனுள் ஒன்றாக வைக்கப்பட்ட பல வளையல்களைக் கற்பனை செய்துகொண்டால் இதன் செயற்பாடு எளிதில் விளங்கும். நடுவில் உள்ள சிறிய வளையல் மிகுதியாகத் திருப்பப்படுகிறது. வெளியே செல்லச் செல்லத் திருப்பும் கோணம் குறைகிறது. கடைசி வளையல் அசைவதே இல்லை. எந்தப் படவணுவும் தன் வளையத்தை விட்டு வெளியேறுவதில்லை. ஆகவே சுழலின் மையம், ஆரம், கோணம் ஆகிய மூன்றும் தெரிந்தால் ஒவ்வொரு வளையத்தையும் அதே அளவு எதிர்த்திசையில் திருப்பி முகத்தைத் திரும்பப் பெறலாம்.

இம்மூன்றையும் கண்டறிவது கடினமன்று. திரிபு எங்கே தொடங்குகிறது என்பது படத்திலேயே தெரியும். அதிலிருந்து மையமும் ஆரமும் கிடைக்கின்றன. கோணத்தைச் சிறிது சிறிதாக மாற்றிப் பார்த்து, கதவின் விளிம்பு, சுவரின் கோடு போன்றவை நேராகும் இடத்தில் நிறுத்தலாம். எனினும் மூலப்படம் அப்படியே கிடைத்துவிடாது. திருப்பும்போது படவணுக்கள் கட்டங்களில் சரியாகப் பொருந்தாமையால் அண்டை மதிப்புகளிலிருந்து இடைக்கணிப்புச் செய்ய வேண்டியுள்ளது. ஜேபெக் சுருக்கமும் நுண்விவரங்களை நீக்கிவிடுகிறது. இவற்றால் மீட்ட முகம் சற்று மங்கலாக இருக்கும். ஆனால் அறிந்தவர் அடையாளம் காண அது போதும்.

2007 வழக்கு

இம்முறை உலகெங்கும் அறியப்பட்டது இன்டர்போலின் விக்கோ நடவடிக்கையின்போதாகும். வியட்நாமிலும் கம்போடியாவிலும் சிறுவர்களுக்கு இழைக்கப்பட்ட பாலியல் கொடுமைகளைக் காட்டும் ஏறத்தாழ 200 படங்கள் இணையத்தில் பரவியிருந்தன. அவற்றில் இருந்த ஆடவன் தன் முகத்தைச் சுழல் வடிகட்டியால் மறைத்திருந்தான். செருமனியின் கூட்டரசுக் குற்றவியல் காவல்துறையின் வல்லுநர்கள் அம்முகத்தை மீட்டனர். 2007 அக்டோபர் 8 அன்று இன்டர்போல் அதனை வெளியிட்டுப் பொதுமக்களின் உதவியைக் கோரியது. பல நாடுகளிலிருந்து தகவல்கள் வந்தன. தென்கொரியாவில் ஆங்கில ஆசிரியராக இருந்த கனடா நாட்டவர் கிறிஸ்டோபர் பால் நீல் என அடையாளம் காணப்பட்டார். அதற்குள் அவர் பாங்காக் சென்றிருந்தார். அங்கு வானூர்தி நிலையத்தில் பதிவான, திரிக்கப்படாத அவரது படமும் வெளியிடப்பட்டது. அக்டோபர் 19 அன்று தாய்லாந்தின் நக்கோன் ராட்சசீமாவில் அவர் கைது செய்யப்பட்டார்.

இங்குக் கவனிக்க வேண்டியது, மீட்ட படம் செய்த வேலை எது என்பதாகும். அது ஒரு பெயரைத் தந்தது. குற்றத்தை மெய்ப்பிக்க வேறு சான்றுகள் தேவைப்பட்டன. 2008-இல் தாய்லாந்து நீதிமன்றம் அவருக்குத் தண்டனை விதித்தது தாய்லாந்துச் சிறுவர்கள் தொடர்பான குற்றங்களுக்காகவே. கம்போடியாவில் செய்த குற்றங்களுக்கு அவர் 2016-இல் கனடாவில் தண்டிக்கப்பட்டார்.

கட்டமாக்கலும் மங்கலாக்கலும்

தொலைக்காட்சிச் செய்திகளில் முகத்தின்மீது காணப்படும் சதுரக் கட்டங்கள் வேறு வகையைச் சேர்ந்தவை. இங்கு ஒரு கட்டத்தில் உள்ள படவணுக்கள் அனைத்தும் அவற்றின் சராசரியால் பதிலிடப்படுகின்றன. 10, 20, 30, 40 ஆகியவற்றின் சராசரி 25. 5, 45, 15, 35 ஆகியவற்றின் சராசரியும் 25. 25 என்ற எண்ணை மட்டும் பார்த்து முன்பு இருந்தவை எவை எனக் கூற எந்தக் கணினியாலும் இயலாது. 16-க்கு 16 அளவுள்ள கட்டத்தில் 256 மதிப்புகள் ஒன்றாகிவிடுகின்றன.

ஆயினும் மறைக்கப்பட்டது எண்ணாகவோ அச்செழுத்தாகவோ இருப்பின் நிலைமை மாறுகிறது. பதிவெண்ணின் ஓர் இலக்கம் 0 முதல் 9 வரை பத்தில் ஒன்றாகவே இருக்க முடியும். அதே எழுத்துருவில் பத்தையும் எழுதி, ஒவ்வொன்றையும் அதே முறையில் கட்டமாக்கி ஒப்பிட்டால் பொருந்துவது எது எனத் தெரிந்துவிடும். முகங்களுக்கு இத்தகைய குறுகிய பட்டியல் இல்லை.

மங்கலாக்கல் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. ஒவ்வொரு படவணுவும் அண்டையவற்றுடன் குறிப்பிட்ட விகிதத்தில் கலக்கப்படுவதால், அவ்விகிதம் தெரிந்தால் ஓரளவு பிரிக்கலாம். 1972-இல் ரிச்சர்ட்சனும் 1974-இல் வானியலாளர் லூசியும் தனித்தனியே முன்வைத்த வழிமுறை இதற்குப் பயன்படுகிறது. 1990-இல் ஏவப்பட்ட ஹபிள் தொலைநோக்கியின் குறையுள்ள ஆடி தந்த படங்களைத் திருத்தவும் அதுவே உதவியது. ஆனால் கலப்பைப் பிரிக்கும்போது இரைச்சலும் பெருகுகிறது. மிகுதியாக மங்கலாக்கப்பட்ட படத்தில் இரைச்சல் மட்டுமே எஞ்சும்.

கோப்பில் எஞ்சும் தகவல்கள்

சில வேளைகளில் கணக்கே தேவைப்படுவதில்லை. ஒளிப்படக் கருவிகள் எக்ஸிஃப் தகவல்களுடன் ஒரு சிறுபடத்தையும் கோப்பினுள் சேமிக்கின்றன. பெரிய படத்தை வெட்டிய பிறகும் சிறுபடத்தைப் புதுப்பிக்காமல் விட்ட மென்பொருள்கள் உண்டு. அவற்றில் வெட்டப்பட்ட பகுதி சிறிய அளவில் அப்படியே இருக்கும். 2023-இல் கூகுள் பிக்சல் கைபேசிகளின் படத்திருத்தக் கருவியில் இதையொத்த குறைபாடு ஒன்று கண்டறியப்பட்டது. வெட்டப்பட்ட சிறிய கோப்பு பழைய பெரிய கோப்பின் மேல் எழுதப்பட்டது. மீந்த பகுதி நீக்கப்படவில்லை. அவ்வாலிலிருந்து மூலப்படத்தின் ஒரு பகுதியை மீட்க முடிந்தது. குறை திருத்தப்பட்ட பின்னரும் அதற்குமுன் பகிரப்பட்ட கோப்புகள் அப்படியே இருக்கின்றன.

ஊகமும் மீட்டெடுப்பும்

செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள் கட்டமாக்கப்பட்ட முகத்தையும் தெளிவான முகமாக்கித் தருகின்றன. இதனை மீட்டெடுப்பு என்று கூறுவது தவறு. அழிந்த மதிப்புகளுக்குப் பதிலாக, தாம் பயின்ற பிற முகங்களிலிருந்து பொருத்தமானவற்றை அவை இட்டு நிரப்புகின்றன. 2020-இல் டியூக் பல்கலைக்கழகத்தில் உருவான பல்சு என்னும் மென்பொருளுக்குப் பராக் ஒபாமாவின் கட்டமாக்கிய படம் தரப்பட்டபோது, வெள்ளையர் ஒருவரின் முகம் கிடைத்தது. காவல்துறையின் கையில் அத்தகைய முகம் கிடைத்தால், அதற்கு ஒத்த தோற்றமுள்ள தொடர்பற்ற ஒருவர் வழக்கில் சிக்கக்கூடும். 2024 மார்ச்சில் அமெரிக்காவின் வாசிங்டன் மாநில நீதிமன்றம் ஒன்று, கொலை வழக்கில் எதிர்த்தரப்பு முன்வைத்த, செயற்கை நுண்ணறிவால் மேம்படுத்தப்பட்ட நிகழ்படத்தைச் சான்றாக ஏற்க மறுத்தது.

இதனால் தடயவியல் ஆய்வில் மூலக்கோப்பைத் தொடாமல் நகலின் மீதே பணிபுரிவது வழக்கம். பயன்படுத்திய வடிகட்டி, அளபுருக்கள், வரிசை ஆகியவை குறித்து வைக்கப்படுகின்றன. வேறொருவர் அதே படிகளைச் செய்தால் அதே விளைவு கிடைக்க வேண்டும்.

முகங்களை மறைத்தல்

பாதிக்கப்பட்டோரின் முகத்தை மறைத்து வெளியிடும் இதழாளர்களுக்கும் மேற்கண்ட கணக்குகள் பொருந்தும். சுழல் திரிப்பையும் இலேசான மங்கலாக்கலையும் தவிர்ப்பது நன்று. கைபேசிகளில் உள்ள ஒளி ஊடுருவும் கறுப்பு மையால் பூசுவதும் போதாது; படத்தின் ஒளிர்வைக் கூட்டினால் அடியில் உள்ளது தெரிந்துவிடும். முழுமையான ஒரே நிறத்தால் அப்பகுதியை நிரப்பி, அடுக்குகளை ஒன்றாக்கி, எக்ஸிஃப் தகவல்களை நீக்கிப் புதிய கோப்பாகச் சேமிக்க வேண்டும். மூலப்படம் வேறெங்கும் முன்னரே பகிரப்படவில்லை என்பதையும் உறுதி செய்துகொள்ள வேண்டும்.