துண்டான கால் மீண்டும் வளர்வது எவ்வாறு?

பல்லியின் வால் அறுந்தால் மீண்டும் முளைப்பதைக் காணாதவர் இலர். ஆயினும் அதன் கால் துண்டிக்கப்பட்டால் அது முன்போல் வளர்வதில்லை. தவளைக்கு உறவான சலமாந்தர் என்னும் வாலுள்ள பிராணியோ, எலும்பு, தசை, நரம்பு, விரல் யாவும் அமைந்த முழுக் காலையே மீண்டும் பெறுகிறது. இவ்வியல்பை இத்தாலிய விஞ்ஞானி ஸ்பல்லன்சானி 1768-ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்தார். இவ்வினத்தைச் சேர்ந்த பிராணி ஒன்று நம் நாட்டில் டார்ஜிலிங் மலைப் பகுதியிலும் வாழ்கிறது.

கால் துண்டிக்கப்பட்டவுடன் மேல்தோலின் உயிரணுக்கள் விரைந்து பரவிக் காயத்தை மூடுகின்றன. அதனடியில், அருகிலுள்ள திசுக்களிலிருந்து வரும் உயிரணுக்கள் திரண்டு மொட்டுப்போல் அமைகின்றன. அம்மொட்டே வளர்ந்து காலாகிறது. மனிதனின் ஆழ்ந்த காயத்திலோ நார்த்திசு பெருகித் தழும்பு உண்டாகிறது.

கிருமிகளையும் இறந்த உயிரணுக்களையும் விழுங்கி உடலைக் காப்பவை விழுங்கணுக்கள். இத்தொழிலை 1882-ல் நட்சத்திர மீனின் இளவுயிரிகளில் கண்டு விளக்கிய மெச்னிகாப், 1908-ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பால் எர்லிக்குடன் பகிர்ந்துகொண்டார். கால் மீண்டும் வளர்வதில் இவற்றுக்குப் பங்குண்டா என்பதை ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் காட்வின், ரோசென்தால் ஆகியோர் அடங்கிய குழுவினர் ஆராய்ந்து, 2013-ல் முடிவை வெளியிட்டனர்.

மெக்சிகோ நாட்டு ஆக்சலாட்டல் என்னும் சலமாந்தரின் உடலில் மருந்து செலுத்தி, மாக்ரோஃபேஜ் எனப்படும் பெரிய விழுங்கணுக்களை அவர்கள் அகற்றினர். பின்னர் காலைத் துண்டித்தபோது காயம் மூடியது, ஆனால் கால் முளைக்கவில்லை, தழும்பே எஞ்சியது. விழுங்கணுக்கள் உடலில் மீண்டும் பெருகிய பின், அதே காலின் நுனியை மறுபடி துண்டித்தனர். அப்பொழுது கால் முழுமையாக வளர்ந்தது. வளரும் ஆற்றல் அழிந்துவிடவில்லை என்பதும், காயம்பட்ட தொடக்க நாட்களில் விழுங்கணுக்கள் இருத்தல் இன்றியமையாதது என்பதும் இதனால் தெளிவாயின.

மனிதனிடமும் விழுங்கணுக்கள் உள்ளன. எனினும் கால் வளர்வதில்லை. ஆகவே அவை இருத்தல் மட்டும் போதாது. அவை பிற உயிரணுக்களுக்கு விடுக்கும் செய்திகளும், அச்செய்திகளை ஏற்கும் திசுக்களின் இயல்பும் ஆராயத்தக்கவை. தழும்பின்றிக் காயம் ஆறும் வழி புலப்படின் மருத்துவத்திற்குப் பெரும் பயன் விளையும்.

ஆராய்ச்சிச் சாலைகளில் ஆயிரக்கணக்கில் வளர்க்கப்படும் ஆக்சலாட்டல், தன் தாயகமான மெக்சிகோ நகரின் சொச்சிமில்கோ நீர்நிலைகளில் அழிவின் விளிம்பில் நிற்கிறது. இழந்த காலை மீட்டுக்கொள்ளும் இப்பிராணியால், இழந்த நீர்நிலையை மீட்டுக்கொள்ள இயலாது. அதனைக் காத்தல் மனிதன் கடமை.