லொறி இழுக்காவிட்டால் முதலில் காற்றைத் தேடுங்கள்

2018 ஆம் ஆண்டு ஆவணி மாதத்து இரவொன்றில், பூசணிக்காயும் வாழைக்குலையும் ஏற்றிய எமது சங்கத்தின் லொறி, நாவுலவைக் கடந்த ஏற்றத்தில் மாட்டுவண்டியைப் போல ஊர்ந்தது. தம்புள்ளையில் விலை விழுந்து கிடந்தபடியால் கண்டிச் சந்தைக்குக் கொண்டுபோவோம் என்று துணிந்து புறப்பட்ட சுமை அது. மூன்றாம் கியரில் ஏறவேண்டிய இடத்தில் முதலாம் கியர் போடவேண்டி வந்தது. பின்னால் வந்த வாகனங்களை மறைக்குமளவுக்குக் கரும்புகை. விடியுமுன் சேரவேண்டிய நாம் எட்டு மணிக்குப் பின்னரே சேர்ந்தோம். அதற்குள் வியாபாரிகள் தங்கள் கொள்வனவை முடித்துவிட்டார்கள். நாமும் அன்று முன் ஆசனத்தில் இருந்தோம்.

ஊர் திரும்பியதும் ஒரு கராஜில் காட்டினோம். மூடியைக்கூடத் திறவாமல், “ரேர்போ முடிஞ்சுது, மாத்த வேணும்” என்றார்கள். கேட்ட தொகையோ, மீளக்குடியேறிய குடும்பங்கள் காலபோக விதைநெல்லுக்கென்று சிறுகச் சிறுகச் சேர்த்து வைத்த பணத்தின் பெரும்பகுதி. சங்கக் கூட்டத்தில் இரண்டு பட்சம் உண்டாயிற்று. லொறி இல்லாமல் விளைச்சலுக்கு விலை இல்லை என்றார்கள் சிலர். விதை இல்லாமல் விளைச்சலே இல்லை என்றார்கள் மற்றவர்கள். மூன்றாவது ஒரு யோசனையும் வந்தது: டீசல் பம்பின் திருகாணியை இன்னும் கொஞ்சம் திருப்பிவிட்டால் இழுக்கும் என்பது. இந்த மூன்றாவது யோசனையே மிகவும் ஆபத்தானது. அதற்கான காரணத்தை விளங்கிக்கொள்ள ரேர்போவின் வேலையை அறிய வேண்டும்.

டீசல் எரியக் காற்று வேண்டும். எஞ்சின் வெளியே தள்ளும் புகையின் வேகத்தால் ஒரு சில்லைச் சுழற்றி, அதே அச்சின் மறுமுனையிலுள்ள இன்னொரு சில்லினால் வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் திணிப்பதே ரேர்போ. அல்பிரட் பூக்கி என்ற சுவிற்சர்லாந்துப் பொறியியலாளர் 1905 இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். அதன் அச்சு நிமிடத்திற்கு ஒரு இலட்சம் தடவை வரையிலும், சிறியவற்றில் அதற்கு மேலும் சுழலும். திணிக்கப்படும் காற்றுக் குறைந்தால் டீசல் முழுமையாக எரியாது. எரியாத டீசலே கரும்புகை. காற்றுக் குறைந்த எஞ்சினுக்கு மேலும் டீசலை ஊற்றினால் புகை கூடும், வெப்பம் கூடும், ஈற்றில் பிஸ்ரன் உருகும். பசியில் அழும் பிள்ளைக்குச் சோறு கொடாமல் தண்ணீர் கொடுத்து வயிற்றை நிரப்புவது போன்றது அது.

எமது லொறியின் கதை இன்னும் சிக்கலானது. தொழிற்சாலையில் அது ரேர்போ இல்லாமல் வெளிவந்த லொறி. எம்மிடம் வருமுன் யாரோ வேறொரு எஞ்சினின் ரேர்போவைப் பொருத்தி, பம்பில் டீசலையும் கூட்டியிருந்தார்கள். இப்படி மாற்றிச் செய்யும் கைத்திறனை நாம் குறைகூற மாட்டோம். 1990 களில் பொருளாதாரத் தடைக்காலத்தில் ஒரு சொட்டுப் பெற்றோலில் ஸ்ராட் செய்து மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய மக்களல்லவா நாம். ஆனால் மாற்றிய வாகனத்திற்குக் கைந்நூல் கிடையாது. அதன் பழுதை நாமே தேடிப் பிடிக்க வேண்டும்.

எமது சாரதி மன்னார்ப் பக்கத்தவர். முன்னர் ரோலர்ப் படகு எஞ்சின்களோடு பழகியவர். “காத்து எங்கையோ போகுது சுவாமி, முந்தி விசில் மாதிரிக் கேட்டது, இப்ப சீறுது” என்றார். அந்த ஒரு வார்த்தையை நம்பி இரண்டு நாள் தவணை வாங்கினோம்.

முதலில் அளந்தோம். காற்று எஞ்சினுக்குள் புகும் குழாயில் இருந்த ஆணித் துவாரமொன்றில் சிறு றப்பர்க் குழாய் பொருத்தி, அழுத்தமானியைச் சாரதியின் ஆசனம்வரை கொண்டுவந்தோம். நிறுத்தி வைத்து எஞ்சினை உறுமச் செய்து பார்ப்பதில் பயனில்லை. சுமை இல்லாவிட்டால் ரேர்போ காற்றைத் திணிக்காது. மணல் ஏற்றிக்கொண்டு குளக்கட்டு ஏற்றத்தில் முழுவதும் மிதித்தபோது முள் 5 இறாத்தலைத் தாண்டவில்லை. இவ்வகைப் பழைய எஞ்சினில் 10 இறாத்தலுக்கு மேல் எதிர்பார்க்கலாம்.

அடுத்து காற்று பில்டர். எமது கிரவல் வீதிகளின் செம்புழுதியில் அது செங்கல் போல இருந்தது. புதிதாகப் போட்டதும் முள் ஓர் இறாத்தல் ஏறியது, அவ்வளவுதான்.

பின்னர் எஞ்சின் ஆறியபின் ரேர்போவின் வாய்க்குழாயைக் கழற்றி அச்சை விரலால் அசைத்துப் பார்த்தோம். பக்கவாட்டில் மிகச் சிறிய ஆட்டம் இருந்தது. இதைக் கண்டு பலர் ரேர்போவை எறிந்துவிடுகிறார்கள். அச்சு ஒயில் படலத்தின் மேல் மிதப்பதால் அந்தச் சிறு ஆட்டம் இயல்பானதே. முன்னும் பின்னுமாக ஆடினால், அல்லது இதழ்கள் கூட்டின் சுவரில் உரசிய தழும்பு இருந்தால்தான் பயப்பட வேண்டும். எமதில் இரண்டும் இல்லை. கராஜின் தீர்ப்பு அந்த இடத்திலேயே ஆட்டங்கண்டது.

புகைப்பக்கத்தையும் பார்த்தோம். ரேர்போவுக்கு முன்னுள்ள கஸ்கட் ஒழுகினால் அந்த இடத்தில் கரி படிந்திருக்கும். சில்லைச் சுழற்ற வேண்டிய புகை வழியிலேயே போய்விடும். புகைக்குழாயில் பிறேக் தகடு உள்ள லொறிகளில் அது பாதி மூடியபடி இறுகிப்போவதும் உண்டு. மிகை அழுத்தத்தை வெளியே விடும் சிறு கதவு சில ரேர்போக்களில் இருக்கிறது. அது கரி பிடித்துத் திறந்தபடி நின்றாலும் அழுத்தம் ஏறாது. எமது ரேர்போவில் அக்கதவு இல்லை. காற்றழுத்தத்திற்கேற்ப டீசலைக் கூட்டும் பம்புள்ள லொறியாயின், பம்புக்குப் போகும் மெல்லிய குழாயைப் பாருங்கள். அது வெடித்தால் புகையும் இராது, இழுவையும் இராது.

எஞ்சியது காற்றுக்குழாய்கள். சாரதி ஒரு தடித்த தகரத்தை வட்டமாக வெட்டி, பழைய ரியூப்பின் வால்வை அதில் பொருத்தினார். அதை ரேர்போவின் வாயில் றப்பர் வளையத்தோடு இறுக்கி, ரயர் ஒட்டும் கடையிலிருந்து காற்று எடுத்தோம். எஞ்சின் ஓடாமல் இருக்க வேண்டும். 10 இறாத்தலுக்கு மேல் விடக்கூடாது. சிறிதளவு காற்று எஞ்சினுக்குள்ளால் ஒயில் ஊற்றும் வாய்க்கு வருவது வழமை. அதைக் கண்டு குழம்பவேண்டாம். மற்ற மூட்டுகள் எல்லாவற்றிலும் சவர்க்காரத் தண்ணீர் பூசினோம். ரேர்போவையும் எஞ்சினையும் இணைத்த றப்பர்க் குழாயின் அடிப்பக்கத்தில் நுரை பொங்கியது. கிளிப்புக்கு அருகில் விரலளவு வெடிப்பு! மேலிருந்து பார்த்தால் தெரியாது. காற்று அமுக்கும்போது மட்டும் வாய் திறக்கும்.

காரணமும் விளங்கிற்று. ரேர்போ பொருத்தியவர் ரேடியேற்றருக்குரிய தண்ணீர்க் குழாயை அங்கே போட்டிருந்தார். அமுக்கப்பட்ட காற்று 100 பாகை செல்சியசுக்கு மேலும் சூடாகும். அதில் சிறிது ஒயில் ஆவியும் கலந்திருக்கும். தண்ணீர்க் குழாயின் றப்பர் இவ்விரண்டையும் தாங்காது. ஊதி, மிருதுவாகி, வெடிக்கும். வெப்பமும் ஒயிலும் தாங்கும் குழாய் ஒன்றையும் அகலமான இரண்டு கிளிப்புகளையும் வவுனியாவில் வாங்கிப் போட்டோம். அதே மணல், அதே குளக்கட்டு: முள் 12 இறாத்தல் காட்டியது. செலவு, கராஜ் கேட்டதில் ஒரு சிறு பங்குகூட இல்லை.

பம்புத் திருகாணியை நாம் தொடவில்லை என்று எழுத ஆசைதான். ஆனால் அதற்கு முன்னரே யாரோ ஒருவர், நல்லெண்ணத்தோடுதான், அரைச் சுற்றுத் திருப்பியிருந்தார். வெடிப்பை அடைத்த பின்னும் புகை முற்றாக நிற்காததால் அது வெளிவந்தது. பம்ப் திருத்தும் கடையில் கொடுத்துப் பழைய அளவுக்குக் கொண்டுவந்த பின்னரே புகை தெளிந்தது. டீசல் செலவும் குறைந்தது. இப்போது நீண்ட ஏற்றத்தின் பின் நிறுத்தினால், இரண்டு நிமிடம் எஞ்சினை மெதுவாக ஓடவிட்டே சாரதி திறப்பைத் திருப்புகிறார். உடனே அணைத்தால் சூடான அச்சில் ஒயில் கருகிவிடுமாம்.

அந்த மாரி விதைப்பு நடந்தது. தகர வட்டம் சங்கக் களஞ்சியத்தில் தொங்குகிறது. அயற்கிராமத்தவர் யாரும் இரவல் கொண்டுபோகலாம். றப்பர் வளையம் மட்டும் தேய்ந்துவிட்டது. வருகிறவர்கள் பழைய ரியூப்பில் ஒரு துண்டு வெட்டிக்கொண்டு வாருங்கள்.