உடுக்குறியும் தனிப்பெயரும்

கணினிச் செய்நிரல் எழுதுவோர் பிறர் முன்னரே ஆக்கிவைத்த வகுப்புகளை எடுத்தாண்டே தம் வேலையை முடிப்பர். ஜாவா மொழியில் அவ்வகுப்புகள் பொதிகளாகக் கட்டிவைக்கப்பட்டுள்ளன. அவற்றை அழைத்தற்கு இரு வழிகள் உள. வகுப்பு ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி அழைப்பது ஒன்று. பொதியின் பெயரோடு ஓர் உடுக்குறி இட்டு, ‘இதிலுள்ள யாவும் வருக’ என்பது மற்றொன்று. இரணைமடுவை அடுத்த அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் அமைந்திருக்கும் இந்நாளில், எம் கல்லூரியிலிருந்து இத்துறையை நாடும் இளைஞர் இவற்றின் வேறுபாட்டை அறிந்திருத்தல் நன்று.

உடுக்குறி செய்நிரலின் வேகத்தைக் குறைக்கும் எனச் சிலர் அஞ்சுவர். அது வீண் அச்சம். நாம் எழுதிய மூலத்தைப் பொறிக்கேற்ற வடிவாக மாற்றும் தொகுப்பான் தன் வேலையை முடித்தபின், கோப்பில் எஞ்சுவன பயன்பட்ட வகுப்புகளின் முழுப்பெயர்களே. உடுக்குறி அங்கே இராது. கேடு வேறிடத்தில் உளது.

இரணைமடுக் குளத்தின் இடதுகரை, வலதுகரைக் கமக்காரர் எல்லாரையும் ஒரு கூட்டத்துக்கு அழைத்து, ‘இராசையா எழுந்து வருக’ என்கிறோம் எனக் கொள்வோம். ஒருவர் வருவார். அடுத்த சிறுபோகத்தில் வலதுகரைப் பட்டியலிலும் ஓர் இராசையா புதிதாகச் சேர்ந்துவிட்டால்? அழைப்பில் ஓர் எழுத்தையும் நாம் மாற்றவில்லை. எனினும் இருவர் எழுந்து நிற்பர்.

1998 டிசெம்பரில் ஜாவா 1.2 வெளிவந்தபோது இதுவே நிகழ்ந்தது. திரையிற் பொத்தான் முதலியன வரைதற்குரிய ‘ஜாவா.ஏடபிள்யூடி’ பொதியில் ‘லிஸ்ட்’ என்னும் வகுப்பு தொடக்கமுதலே இருந்தது. பொதுப்பயன் கருவிகளுக்கான ‘ஜாவா.யூட்டில்’ பொதியிலே அதே பெயருடைய மற்றொன்று அப்பதிப்பில் புகுந்தது. இரு பொதிகளையும் உடுக்குறியால் அழைத்து, ‘லிஸ்ட்’ என்று மட்டும் எழுதியிருந்த மூலங்கள் தொகுக்கப்படாது நின்றன. முன்னர்த் தொகுத்து வைத்தவை பழையபடி ஓடின. மூலத்தைத் திருத்தி மீண்டும் தொகுக்க முயன்றவர்க்கே இடர். எதனைக் குறித்தீர் என்று தொகுப்பான் ஊகியாது. ஐயம் எனக் கூறி நின்றுவிடும். அங்ஙனம் நிற்பதே நல்லது என்போம். ஊகித்துத் தவறானதை எடுப்பது இதனினும் கொடிது. பரிகாரமோ ஒரே வரி. வேண்டிய ‘லிஸ்ட்’டைத் தனியே முழுப்பெயரால் அழைத்துவிட்டால், தனிப்பெயர் உடுக்குறியை வென்றுவிடும்.

இது பழங்கதையுமன்று. ‘ஜாவா.லாங்’ என்பது நாம் அழையாமலே வரும் பொதி. 2021இல் வந்த ஜாவா 16இல் ‘ரெக்கார்ட்’ என்னும் வகுப்பு அதில் நிலைபெற்றது. வேறொரு பொதியிலிருந்து தம்முடைய ‘ரெக்கார்ட்’டை உடுக்குறியால் அழைத்திருந்தோர் அதே இடருக்கு ஆளாயினர்.

தனிப்பெயர்ப் பட்டியல் நீளும் என்பது மெய்யே. ஆயின் அதனை எழுதும் வேலையைத் தொகுப்புக் கருவிகளே இன்று செய்துவிடுகின்றன. வேடிக்கை என்னவெனில், ‘இன்டெல்லிஜே’ போன்ற கருவி ஒரு பொதியின் ஐந்து வகுப்புகளைக் கண்டதும், நாம் தடுத்தாலன்றித் தானே உடுக்குறிக்கு மாறிவிடும்! கூகுள் நிறுவனத்தின் ஜாவா எழுத்து விதிகள் உடுக்குறியை அறவே விலக்குகின்றன.

பத்து வரிப் பயிற்சி எழுதும் மாணவர் உடுக்குறி இடுவதை நாம் குறைகூறோம். 2025இல் வந்த ஜாவா 25, பல பொதிகள் அடங்கிய ஒரு பெருந்தொகுதியையே ஒரு வரியில் அழைக்க இடந்தருகிறது. அங்கும் ‘லிஸ்ட்’ இரண்டாகி நிற்குமாயின், தனிப்பெயர் ஒன்றை எழுதினால் ஐயம் தீரும்.