ஓய்வும் நம் உரிமையே

சாத்தான்குளம் வட்டாரக் கிராமங்களில் நம் பெண்கள் கோழி கூவும்போதே எழுகிறார்கள். சோறு பொங்கி, தண்ணீர் பிடித்து, முருங்கைத் தோட்டத்துக்கோ நூறு நாள் வேலைக்கோ போகிறார்கள். திரும்பி வந்தால் மறுபடியும் அடுப்பு. சற்று உட்கார்ந்தால் 'சோம்பேறி' என்று பேச்சு. தலைமுறைகளாக நம் உழைப்பைச் சுரண்டியவர்கள் நம்மேல் வீசிய சொல் அது. இன்று நம் வீட்டுக்குள்ளேயே அதைப் புழங்குகிறோம்.

அண்ணல் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைக் கவனித்தார். அப்போதுதான் ஆலைத் தொழிலாளர்களுக்குச் சம்பளத்துடன் விடுமுறை கிடைக்கச் சட்டம் திருத்தப்பட்டது. வாரத்துக்கு 54 மணி நேரமாக இருந்த வேலை, 1946 திருத்தத்தால் 48 ஆகக் குறைந்தது. ஓய்வு அங்கே சலுகையாக அல்ல, சட்டமாகவே வந்தது. தமிழ்நாட்டில் கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்ற சட்டத் திருத்தம் 2021இல்தான் வந்தது. காட்டு வேலைக்கும் வீட்டு வேலைக்கும் இந்தச் சட்டங்கள் இன்னும் எட்டவில்லை.

ஓய்வில்லாத உடம்பு வலியால் முறையிடும். மனமோ தூக்கமின்மை, எரிச்சல், காரணம் தெரியாத அழுகை என்று முறையிடும். இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அரசு மருத்துவமனைக்குப் போவோம். 14416 என்ற எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சட்டம் வரும்வரை வீடு காத்திருக்க வேண்டியதில்லை. படிக்கிற பிள்ளைகள், ஆண் பெண் பேதமின்றி, தண்ணீர்க் குடத்தையும் விளக்குமாற்றையும் கையில் எடுத்தால், அம்மாவுக்குத் தினமும் ஒரு மணி நேரம் மிஞ்சும்.