‘பிபி மருந்துலதான் நிக்குது’: ஐசியூவில் டாக்டர் இப்படிச் சொன்னால் என்ன அர்த்தம்?

பிபி மாத்திரை என்றாலே ரத்த அழுத்தத்தைக் குறைப்பதுதானே நமக்குத் தெரியும்? ஐசியூவில் டாக்டர் சொல்லும் பிபி மருந்து அதற்கு நேர் எதிர். ஆபத்தான அளவுக்கு இறங்கிவிட்ட அழுத்தத்தை ஏற்றும் இந்த ஊசி மருந்துகளுக்கு ‘வாசோபிரஸர்’ என்று பெயர்.

பிபி ஏன் அவ்வளவு இறங்குகிறது?

முக்கியக் காரணங்களில் ஒன்று ‘செப்டிக் ஷாக்’. கிருமித்தொற்று முற்றும்போது ரத்தக்குழாய்கள் தளர்ந்து விரிந்துவிடும். மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் போதுமான ரத்தம் போகாது.

மருந்து என்ன செய்கிறது?

முதலில் சலைன் ஏற்றுவார்கள். அதிலும் பிபி நிற்கவில்லை என்றால், பெரும்பாலும் நார்அட்ரினலின்தான் முதல் சாய்ஸ். நம் உடலே சுரக்கும் பொருள் இது. விரிந்த குழாய்களை இறுக்கி அழுத்தத்தை ஏற்றும். போதவில்லை என்றால் வாசோபிரஸின் சேர்ப்பார்கள்.

65 என்ற எண் எதற்கு?

டாக்டர்கள் கவனிப்பது சராசரி அழுத்தத்தை. கீழ் எண்ணை இரண்டால் பெருக்கி, மேல் எண்ணைக் கூட்டி, மூன்றால் வகுத்தால் தோராயமாகக் கிடைக்கும். பிபி 80/40 என்றால் சராசரி 53 மட்டுமே. பொதுவாக முதல் இலக்கு 65.

கழுத்தில் ஏன் டியூப்?

கையில் உள்ள சிறிய ரத்தநாளத்திலிருந்து மருந்து கசிந்தால் அங்குள்ள தசையும் தோலும் கருகிவிடலாம். அவசரத்தில் கையில் தொடங்கினாலும், தொடர்ந்து தர கழுத்து போன்ற இடங்களில் உள்ள பெரிய நாளமே பாதுகாப்பு. நிறுத்தினால் சில நிமிடங்களிலேயே மருந்தின் வேலை முடிந்துவிடும். அதனால்தான் 24 மணி நேரமும் பம்ப் ஓடுகிறது.

பக்கவிளைவு உண்டா?

உண்டு. அதிக டோஸில் விரல் நுனிகளுக்கு ரத்தம் குறைந்து கறுத்துப்போகலாம். இதயத்துடிப்பு தாறுமாறாகலாம்.

அப்போ, பிபி ஏறிட்டா சரியாகிடுச்சா?

இல்லை. இந்த மருந்து நோயைக் குணப்படுத்தாது, நேரம் வாங்கித் தரும். அந்த நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் வேலை செய்ய வேண்டும். சீழ் இருந்தால் அகற்ற வேண்டும். ரத்தப்போக்கால் பிபி இறங்கியிருந்தால் அதை நிறுத்தி, ரத்தம் ஏற்றுவதுதான் முக்கியம்.

எனவே ‘பிபி எவ்வளவு?’ என்று மட்டும் கேட்டால் போதாது. மருந்தோடு 120 காட்டுவதும், மருந்தில்லாமல் 110 காட்டுவதும் ஒன்றல்ல. டாக்டரிடம் இந்த மூன்றையும் கேளுங்கள்: நேற்றைவிட டோஸ் கூடியிருக்கா, குறைஞ்சிருக்கா? யூரின் போகுதா? பிபி இறங்கக் காரணமான பிரச்சினை கட்டுக்குள் வந்துடுச்சா?