மூட்டைக்குள் ஒரு மில்லிகிராம்

கொடைக்கானல் மேல்மலையில் கேரட் விளையும், உருளை விளையும், பூண்டு விளையும். மாட்டுக்கு வைக்கிற மூட்டைத் தீவனம் மட்டும் விளையாது. பூம்பாறையிலோ கவுஞ்சியிலோ மன்னவனூரிலோ ஒரு கறவை மாட்டின் தொட்டியில் விழும் புண்ணாக்கும் தவிடும் மக்காச்சோள மாவும் கீழேயிருந்துதான் ஏறி வரவேண்டும். வத்தலக்குண்டு வழியாகவோ பழனி வழியாகவோ லாரியில் வந்து, கொடைக்கானலில் இறங்கி, அங்கிருந்து வேறொரு வண்டியில் ஊர் போய்ச் சேரும். புல் மலையுடையது. கேரட் தழையும் முட்டைக்கோஸ் இலையும் தோட்டத்து மிச்சம். அடர் தீவனம் முழுக்கச் சமவெளிச் சரக்கு.

குளிர்ப் பிரதேசத்தில் பண்டம் கெடாது என்றொரு நம்பிக்கை உண்டு. பாதி உண்மை. கடலையையும் மக்காச்சோளத்தையும் பிடிக்கும் அஸ்பெர்ஜிலஸ் ஃபிளேவஸ் என்ற பூஞ்சைக்கு 25 முதல் 35 டிகிரி வரை வெப்பமும் ஈரமும் வேண்டும். ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் கொடைக்கானலில் அது செழிப்பது கடினம். ஆனால் அந்தப் பூஞ்சை சுரக்கும் அஃப்ளாடாக்சின் என்ற நச்சு வயலிலேயே, கிட்டங்கியிலேயே உண்டாகிவிடுகிறது. மலை ஏறும்போது மூட்டைக்குள் பூஞ்சை செத்துப்போயிருக்கலாம். நச்சு அப்படியே இருக்கும். குளிர் அதை ஒன்றும் செய்யாது, அடுப்புச் சூடும் ஒன்றும் செய்யாது. போதாக்குறைக்கு, குளிரையும் ஈரத்தையும் விரும்பும் பூஞ்சைகளும் இருக்கின்றன. பியூசேரியம் வகையில் சில, சினை பிடிப்பதைக் குலைக்கும் ஜியரலெனோன் என்ற நச்சைத் தருகின்றன. பெனிசிலியம் வகையில் சில, சிறுநீரகத்தைத் தாக்கும் ஆக்ராடாக்சினைத் தருகின்றன. இரவில் தகரக் கூரையில் கோக்கும் நீர் காலையில் மூட்டை மேல் சொட்டுகிற கொட்டகைகளில் இவற்றுக்கு வேலை சுலபம். தாண்டிக்குடி, பண்ணைக்காடு என்று கீழ்மலைப் பக்கம் வந்தால் அஸ்பெர்ஜிலஸுக்கே போதுமான வெப்பம் இருக்கிறது.

சிக்கல் தொடங்குவது மலையடிவாரத்தில். ஒட்டன்சத்திரம், பழனி, உடுமலை வட்டாரம் மக்காச்சோளக் காடு. புரட்டாசி மழையை நம்பி விதைப்பு, தையை ஒட்டி அறுவடை. கதிர் முற்றும் நேரத்தில் செடி வறட்சியில் வாடினாலும், அறுக்கும் நேரத்தில் மழை பிடித்தாலும் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். 2018-ல் தமிழ்நாட்டுக்குள் நுழைந்த அமெரிக்கப் படைப்புழு கதிரைத் துளைத்து இன்னொரு வாசலையும் திறந்துவிட்டது. அறுத்த மணியில் ஈரம் 20 விழுக்காட்டைத் தாண்டியிருக்கும். 12, 13-க்கு இறக்கினால்தான் இருப்பு வைக்கலாம். இறக்குவதற்கு விவசாயியிடம் இருக்கும் ஒரே உலர்களம் பல ஊர்களில் தார்ச்சாலைதான். சாலையில் சோளம் காயப்போடுவதை விபத்துக்குக் காரணம் என்று திட்டுகிறோம். திட்டலாம். அந்த விவசாயிக்கு ஒரு களமும் தார்ப்பாயும் கிடைத்தனவா என்று கேட்டபிறகு திட்டலாம்.

அஃப்ளாடாக்சின் உலகத்துக்குத் தெரியவந்ததே தீவனத்தால்தான். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன. தேடிப் போனவர்கள் பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் போய் நின்றார்கள். நம் நாட்டில் 1974-ல் ராஜஸ்தானின் பான்ஸ்வாரா, குஜராத்தின் பஞ்சமகால் மாவட்டங்களில் பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தைத் தின்ற பழங்குடி மக்கள் நூறு பேரளவில் கல்லீரல் கெட்டு இறந்தார்கள். அவர்கள் வீட்டு நாய்களும் செத்தன. இந்த நச்சு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்பதில் இன்று ஆய்வாளர்களுக்கு ஐயமில்லை.

ஆனாலும் மனிதன் தின்ன லாயக்கில்லாத சரக்கு எங்கே போகும் என்று கேட்டால் எந்த ஊரிலும் ஒரே பதில்தான்: “மாட்டுக்குத்தானே, போடு.”

மாட்டோடு அது நிற்பதில்லை. பசு தின்ற அஃப்ளாடாக்சின் பி1, அதன் கல்லீரலில் எம்1 என்ற வேறு உருவம் எடுத்துப் பாலில் இறங்குகிறது. தின்றதில் பொதுவாக ஒன்று இரண்டு விழுக்காடு. நிறையக் கறக்கும் மாட்டில் ஆறு விழுக்காடு வரை. பாலைக் காய்ச்சினாலும் போகாது. பாலாடைக்கட்டி செய்தால் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு மூன்று முதல் ஐந்து மடங்கு வரை செறிவாகும்.

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018-ல் நாடு முழுக்க 6,432 பால் மாதிரிகளை எடுத்துச் சோதித்தது. 2019 அக்டோபரில் முடிவு வந்தபோது, தண்ணீர் கலப்படத்தை எதிர்பார்த்திருந்தவர்களுக்கு வேறு செய்தி காத்திருந்தது. 368 மாதிரிகளில் எம்1 அனுமதி அளவைத் தாண்டியிருந்தது. எண்ணிக்கையில் மாநிலங்களில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 551 மாதிரிகளில் 88. ஏறத்தாழ ஆறில் ஒன்று. காரணம் தீவனம்தான் என்று ஆணையமே சொன்னது. 50,000 பேருக்கு மேல் வாழும் ஊர்களில்தான் மாதிரி எடுத்தார்கள். 2011 கணக்கெடுப்பில் 36 ஆயிரத்துச் சொச்சம் பேர் கொண்ட கொடைக்கானல் அந்த வரம்புக்குள் வராது.

இனி அளவுக்கு வருவோம். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் கலப்புத் தீவனத் தரப்படி அஃப்ளாடாக்சின் பி1 அதிகபட்சம் 20 பிபிபி இருக்கலாம். நூறு கோடியில் இருபது பங்கு. ஐம்பது கிலோ மூட்டை முழுவதிலும் சேர்த்து ஒரே ஒரு மில்லிகிராம். அதுவும் பரவலாகக் கலந்திருக்காது. மோசமாகப் பூஞ்சை பிடித்த ஒற்றை மக்காச்சோள மணியில் 4 லட்சம் பிபிபி வரை ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். அப்படி ஒரு மணி, மற்றபடி சுத்தமான ஆறு கிலோ சோளத்தை 20 பிபிபி ஆக்கிவிடப் போதும். அதைச் சுற்றியிருக்கும் ஆயிரக்கணக்கான மணிகள் குற்றமற்றவை.

இதனால்தான் இந்தச் சோதனையில் கருவியைவிடக் கை முக்கியமாகிறது. மூட்டையின் வாயைப் பிரித்து மேலாக ஒரு பிடி அள்ளி அனுப்பினால், ஆய்வகம் அந்த ஒரு பிடிக்குத்தான் பதில் சொல்லும். கெட்ட மணி அடியில் இருந்தால் ‘இல்லை’ என்று வரும். தற்செயலாகக் கையில் சிக்கினால் நல்ல சரக்கும் குப்பையாகும். முடிவில் வரும் பிழையின் பெரும்பகுதி மாதிரி எடுப்பதில்தான் நேர்கிறது. முறையாகச் செய்தால், பல மூட்டைகளில் மேல், நடு, அடி என்று குத்தூசி செருகி எடுத்து, எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி, அரைத்துக் கலந்து, குவியலை நான்காகப் பிரித்து எதிரெதிர் இரண்டு பங்கை வைத்துக்கொண்டு, மறுபடி கலந்து, மறுபடி பிரித்து, கடைசியில் அரை கிலோ எடுக்கவேண்டும். ஈரமான சரக்கைப் பிளாஸ்டிக் பையில் கட்டினால் வழியிலேயே வியர்த்துப் புதிதாகப் பூஞ்சை பிடிக்கும். உலர்த்தித் தாள்பையில் போடுவது நல்லது.

அந்த அரை கிலோ எங்கே போகும்? தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்தில் தீவனப் பகுப்பாய்வு, தர உறுதி ஆய்வகம் ஒன்றை நடத்துகிறது. சென்னை மாதவரத்திலும் தீவன, உணவுப் பாதுகாப்புக்கான ஆய்வகம் உண்டு. பொதுவாக இப்படி நடக்கும்: தூளை மெத்தனாலும் தண்ணீரும் கலந்த கரைசலில் குலுக்கி நச்சைப் பிரித்து, வடிகட்டி, அந்த நச்சை மட்டும் பிடித்து வைக்கும் எதிர்ப்புப்புரதக் குழாய் வழியே செலுத்தி, ஹெச்பிஎல்சி கருவியில் ஏற்றுவார்கள். அஃப்ளாடாக்சின் புற ஊதா ஒளியில் ஒளிரும். பி வகை நீலமாக, ஜி வகை பச்சையாக. அந்த ஒளிர்வின் அளவே நச்சின் அளவு. பல மாதிரிகளை விரைவாகப் பார்க்க எலைசா முறை இருக்கிறது. புற ஊதா டார்ச் வாங்கி வீட்டிலேயே பார்த்துவிடலாமே என்று தோன்றும். மக்காச்சோளத்தில் டார்ச்சுக்குத் தெரியும் பச்சை மஞ்சள் மினுக்கம் பூஞ்சையின் வேறொரு சுரப்பிலிருந்து வருவது. மினுங்காவிட்டால் நச்சில்லை என்று பொருளில்லை.

நாமக்கல் இதில் முன்னிற்பதற்குக் காரணம் கோழி. பண்ணைக்காரருக்குத் தீவனத்தில் நச்சு ஏறினால் முட்டை குறைவது அன்றாடக் கணக்கில் தெரிந்துவிடும், நட்டம் அவருடையது. அதனால் சோதிக்கிறார், நச்சை ஒட்டிப் பிடிக்கும் களிமண் தூளைத் தீவனத்தில் கலக்கிறார். பாலில் கதை வேறு. குறைந்த அளவு நச்சு தின்கிற மாடு வெளியே பார்க்க நன்றாகவே இருக்கும், கறக்கவும் செய்யும். நட்டம் பால் குடிக்கிற குழந்தைக்கு. அந்தக் குழந்தை ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பாது. இரண்டு மாடு வைத்திருக்கும் மன்னவனூர்க்காரர் ஒரு மூட்டைக்காக இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் மாதிரி அனுப்பிக் கட்டணம் கட்டுவார் என்று எதிர்பார்ப்பது அறிவுரை மேடையில் மட்டும் எடுபடும்.

என் யோசனை எளியது. மூட்டையில் மாதிரி எடுப்பதுதான் கடினம் என்றால், பசுவையே மாதிரி எடுக்கச் சொல்லலாம். அது நாளெல்லாம் தீவனத்தை அரைத்து, கலந்து, கரைசலாக்கித் தருகிறது. பால் திரவம், எந்த மூலையில் ஒரு கரண்டி எடுத்தாலும் ஒன்றுதான். ஊர்ச் சேகரிப்பு மையத்து கேனில் அத்தனை வீட்டுத் தீவனமும் கையொப்பம் போட்டிருக்கிறது. கெட்ட தீவனம் தின்ற ஒரு நாளுக்குள் எம்1 பாலில் தெரியும். நிறுத்தினால் மூன்று நான்கு நாளில் மறையும். கொழுப்பும் இதர சத்தும் பார்த்து விலை போடுகிற இடத்தில், வாரம் ஒருமுறை எம்1 பட்டைச் சோதனை செய்ய நிமிடக் கணக்குதான் ஆகும். கேன் மீறினால் வீடு வீடாகப் பார்த்து, எந்தக் கடை, எந்தச் சரக்கு என்று கண்டுபிடித்துவிடலாம். ஒரே லாரியில் வந்த மூட்டைகளைப் பகிர்ந்துகொள்ளும் மலைக் கிராமத்தில் அந்தத் தேடல் சீக்கிரமே முடியும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் பாலின் அளவுகோல் எவ்வளவு கூர்மை என்று புரியும். நாளுக்கு ஐந்து கிலோ தீவனம் தின்று பத்து லிட்டர் கறக்கும் மாடு என்று வைத்துக்கொள்வோம். தீவனத்தில் 100 பிபிபி இருந்தால் 500 மைக்ரோகிராம் நச்சு உள்ளே போகிறது. இரண்டு விழுக்காடு பாலுக்கு வந்தால் லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராம். இந்திய வரம்பு கிலோவுக்கு 0.5; இரண்டு மடங்கு. தீவனம் 20 பிபிபி என்றால் பாலில் 0.2, இங்கே தேறிவிடும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 0.05 வரம்பில் தேறாது. அதனால்தான் அவர்கள் கறவைத் தீவனத்துக்கு 5 பிபிபி என்று வைத்திருக்கிறார்கள். மேலே போட்ட அதே கணக்கில் 5 பிபிபி சரியாக 0.05-ல் வந்து நிற்கும்.

பால் வழி எல்லா உயிருக்கும் பொருந்தாது. மன்னவனூரில் 1965 முதல் இயங்கும் மத்திய செம்மறி ஆடு, கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல நிலையம் பாரத் மெரினோ ஆடுகளையும் இறைச்சி முயல்களையும் வளர்க்கிறது. அங்கிருந்து முயல் வளர்ப்பு சுற்றுவட்டாரத்துக்கும் பரவியது. அஃப்ளாடாக்சினுக்கு முயலைப்போல எளிதில் விழும் பிராணிகள் குறைவு. அசைபோடும் மாடு தாங்கும் அளவு குச்சித் தீவனம் தின்னும் முயலைக் கொல்லும். அதற்கு மூட்டையைச் சோதித்தே தீரவேண்டும், அதுவும் மலை ஏறுவதற்கு முன்னால். ஆயிரக்கணக்கான மூட்டைகள் ஒரே கலவையிலிருந்து வரும் ஆலை வாசலில் ஒரு சோதனைக்கு ஆகும் செலவு மூட்டைக்குச் சில காசு. மூட்டை மேல் தைக்கிற சீட்டில் புரதம், நார், கொழுப்பு என்று அச்சடிக்கிற ஆலை, அந்தத் தொகுதியின் அஃப்ளாடாக்சின் அளவையும் தேதியோடு அச்சடிக்கலாம்.

அப்போதும் ஒரு கேள்வி மிச்சமிருக்கும். ஆலை வேண்டாமென்று திருப்பியனுப்பிய லாரிக் கடலைப் புண்ணாக்கு எங்கே போகிறது? விலை குறைத்தால் வாங்க ஆள் உண்டு. சில்லறைக் கடையில் சீட்டும் இல்லை, கேட்பாரும் இல்லை. நிராகரித்த சரக்கை எரிக்கவோ உரக்குழிக்கு அனுப்பவோ பொறுப்பும் இழப்பீடும் வகுக்காத வரை, சோதனை கூடக்கூட அந்தச் சரக்கு சோதனையே இல்லாத ஊர்களைத் தேடித்தான் போகும். மேல்மலை அப்படிப்பட்ட ஊர்களில் ஒன்று.