சேற்றில் புதைந்த பாரமும் குதிரையின் தோளும்

நூறு குதிரைச் சக்தி கொண்ட லோரி ஒன்று சேற்றில் அச்சுவரை புதைந்து நிற்கின்றது. ஓட்டுநர் விசையை முடுக்க முடுக்கச் சக்கரம் சுழல்கிறதேயன்றி வண்டி ஓர் அங்குலமும் நகரவில்லை. மழைக்காலத்தில் தோட்டப்புறத்துச் செம்மண் சாலைகளைக் கண்டவர்களுக்கு இது புதிய காட்சியன்று. அமெரிக்காவில் ஆமிஷ் மக்கள் வாழும் ஊர்களில் இத்தகைய லோரி பனியிலோ சேற்றிலோ சிக்கிக்கொண்டால், பக்கத்துப் பண்ணையிலிருந்து நான்கு குதிரைகளைக் கொணர்ந்து பூட்டி இழுத்து விடுவதுண்டு. நூறு குதிரைகளால் ஆகாத காரியம் நான்கு குதிரைகளால் ஆவது எப்படி?

முதலில் அந்த ‘நூறு’ என்ற கணக்கைப் பார்ப்போம். நீராவி இயந்திரத்தைச் சீர்திருத்திய ஜேம்ஸ் வாட், தம் இயந்திரம் எத்தனை குதிரைகளின் வேலையைச் செய்யும் என்று வாங்குவோருக்கு விளக்குவதற்காக வகுத்த அளவே குதிரைச் சக்தி. நிமிடத்துக்கு 33,000 அடி-ராத்தல் வேலை என்பது அதன் இலக்கணம். 150 ராத்தல் விசையுடன் இழுத்துக்கொண்டு மணிக்கு இரண்டரை மைல் நடக்கும் குதிரை இந்த வேலையைச் செய்கின்றது. இது நாள் முழுவதும் உழைக்கும் குதிரையின் கணக்கு. ஒரு மூச்சில் அது காட்டக்கூடிய வலிமையின் கணக்கன்று. 1925-ஆம் ஆண்டு ஐயோவா மாநிலக் கண்காட்சியில் நடந்த இழுவைப் போட்டியின் அளவைகளைக் கொண்டு 1993-இல் இரு விஞ்ஞானிகள் கணக்கிட்டபோது, ஒரு குதிரை சில நொடிகளுக்கு ஏறத்தாழ 15 குதிரைச் சக்தி காட்டக்கூடும் என்று தெரிந்தது. நாள்தோறும் இழுக்கும்போது தன் எடையில் பத்தில் ஒரு பங்கு விசையைச் செலுத்தும் அதே பிராணி, ஒரு கணம் முழுமூச்சாக முயன்றால் தன் எடைக்கு ஏறத்தாழ ஈடான விசையையும் செலுத்த வல்லது. ஷயர், பெர்ஷரான், பெல்ஜியன் போன்ற கனத்த சாதிக் குதிரைகள் 1,600 முதல் 2,000 ராத்தல் வரை எடையுள்ளவை என்பதை நினைவிற் கொள்க.

ஆயினும் வலிமை மட்டும் இதற்கு விடையாகாது. லோரியின் இயந்திரத்தில் வலிமைக்குக் குறைவில்லை, குறைவு பிடிமானத்தில்தான். சுழலும் டயர் தன் கீழுள்ள மண்ணைக் குழைத்துக் கூழாக்கித் தனக்குத் தானே குழி பறித்துக்கொள்கிறது. குதிரையின் குளம்போ ஒவ்வோர் அடியிலும் புதிதாக மண்ணில் இறங்கி, மேற்சேற்றைக் கிழித்துக் கீழேயுள்ள உறுதியான நிலத்தைத் தேடிப் பிடிக்கின்றது. பனிக்காலத்தில் லாடத்தில் கூரிய முளைகளையும் பொருத்திவிடுவார்கள். மேலும், இழுவைச் சங்கிலி குதிரையின் தோளிலிருந்து பாரத்தை நோக்கிச் சரிந்து இறங்குவதால் இரு நன்மைகள் உண்டு: பாரத்தின் முன்புறம் சற்றே மேலே தூக்கப்படுகிறது, குதிரையின் உடல் கீழ்நோக்கி அழுத்தப்பட்டு, அதன் குளம்பு இன்னும் ஆழமாகப் பதிகிறது. சங்கிலி நீளமாயிருந்தால் வண்டி சேற்றிலிருக்க, குதிரைகள் கெட்டித் தரையில் நின்று இழுக்கலாம் என்பதையும் மறக்கலாகாது. இதே வேலையை நல்ல விஞ்சு இயந்திரம் இன்னும் எளிதாகச் செய்துவிடும். எல்லாவற்றிலும் குதிரையே மேலென்று வாதிடுவது இக்கட்டுரையின் நோக்கமன்று.

மாடு பிடரியால் நுகத்தைத் தள்ளுகிறது. குதிரைக்குத் திமில் இல்லை. கழுத்தில் வாரை மாட்டினால் குரல்வளை நெரியும். ஆகவே வைக்கோல் திணித்த தோல் வளையத்தைத் தோள் எலும்பின்மேல் பொருந்துமாறு அணிவிக்கின்றனர். குதிரை இழுப்பதாக நாம் சொன்னாலும், உண்மையில் அது அந்த வளையத்தைத் தோளால் தள்ளுகிறது. வளையம் ஒரு விரல் அளவு பெரிதானாலும் சிறிதானாலும் தோள் புண்ணாகும். புண்பட்ட குதிரை அடுத்த நாள் இழுக்காது.

இரண்டு குதிரைகளைப் பூட்டும்போது வேறொரு சிக்கல் எழும். ஒன்று வலியது, மற்றது மெலியது எனில் பாரம் எப்படிப் பங்கிடப்படும்? இதற்காகவே பின்னால் ஒரு குறுக்குக் கட்டை உண்டு. அதன் நடுவே முளையடித்தால் பங்கு சமம். முளையை வலிய குதிரையின் பக்கமாகச் சற்று நகர்த்தினால் மெலியதற்கு நெம்புகோலின் நீண்ட கை கிடைக்கும்; பாரம் குறையும். எளிய தச்சு வேலைதான், ஆனால் எத்தனை நுட்பமான நீதி!

தேர் இழுக்கும் ஊரில் பிறந்தவர்களுக்கு அடுத்த செய்தி எளிதில் விளங்கும். நிலையில் நிற்கும் தேரை அசைப்பதே கடினம். வடத்தை முன்னே எத்தனை பேர் பிடித்தாலும் பின்னாலிருந்து நெம்புதடி போட்டால்தான் முதல் அசைவு வரும். சேற்றில் புதைந்த சக்கரமும் அத்தகையதே. ஈரமண் சக்கரத்தை இறுகக் கவ்வி, உள்ளே காற்றுப் புகாதபடி உறிஞ்சிப் பிடித்திருக்கும். அனுபவமுள்ள வண்டிக்காரர் நேரே இழுக்கமாட்டார். முதலில் சக்கரத்தின் முன்னுள்ள மண்ணை வெட்டிச் சரிவு அமைப்பார். பிறகு குதிரைகளை இடப்புறமும் வலப்புறமும் திருப்பி இழுக்கச் செய்து அந்தப் பிடியைத் தளர்த்துவார். அதன் பின்னரே நேர் இழுவை. சங்கிலியின் தொய்வை மெல்ல எடுத்து, எல்லாக் குதிரைகளும் வளையத்தில் தோள் பதித்த பின்பே குரல் கொடுப்பார். வெடுக்கென்று இழுத்தால் சங்கிலி அறும். அறுந்த சங்கிலி ஆளையே கொன்றுவிடும். மற்றொன்று: அசையாத பாரத்தில் இரண்டு மூன்று முறை தோற்ற குதிரை அதன்பின் முயலவே மறுத்து நின்றுவிடும். அந்த வழக்கம் படிந்துவிட்டால் மாற்றுவது அரிது. ஆகவே தோற்கும் என்று தெரிந்த பாரத்தில் குதிரையைப் பூட்டாதிருப்பதே அத்தொழிலின் முதற்பாடம்.

ஆயினும் தோல்வியைப் பற்றி எண்ண நேரமில்லாத வேளைகளும் உண்டு. 1899 ஜனவரி 12-ஆம் நாள் மாலை, இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையில் ‘ஃபாரஸ்ட் ஹால்’ என்ற 1,900 டன் பாய்மரக் கப்பல் புயலில் சிக்கித் தத்தளித்தது. லின்மவுத் ஊரில் ‘லூயிசா’ என்ற உயிர்காப்புப் படகு இருந்தது. ஆனால் அலையின் சீற்றத்தால் அங்கிருந்து அதைக் கடலில் இறக்க இயலவில்லை. படகின் தலைவர் ஜாக் குரோகோம் ஒரு துணிவான யோசனை சொன்னார்: சாலை வழியே 13 மைலுக்கு மேல் இழுத்துச் சென்று, அலை அடங்கிய போர்லாக் துறையில் இறக்கலாம். வண்டியோடு சேர்ந்து அதன் எடை சுமார் 10 டன். பூட்டியவை சுமார் 18 குதிரைகள். கைகொடுத்தவர்கள் ஏறத்தாழ 100 பேர்.

ஊரைவிட்டு ஏறும் கௌண்டிஸ்பரி மேடு, நான்கடி நடந்தால் ஓரடி உயரும் அளவுக்குச் செங்குத்தானது. இருளும் மழையும் காற்றும் சூழ அதை ஏறி முடித்த நிலையில் வண்டியின் சக்கரம் ஒன்று கழன்றது. அதைச் சரிசெய்து மேலே சென்றால், வண்டி நுழைய முடியாத குறுகிய சந்து! படகை வண்டியிலிருந்து இறக்கி மரக்கட்டைகளின்மேல் தரையோடு இழுத்தனர். வண்டியைத் தனியே மேட்டு நிலத்தின் வழியாகச் சுற்றி அனுப்பினர். இறுதியில் வந்தது போர்லாக் இறக்கம். ஏற்றத்தைவிட இறக்கமே கொடியது. பத்து டன் பாரம் பின்னாலிருந்து தள்ளும்போது குதிரை தன் பின்னங்கால்களை ஊன்றித் தடுக்க வேண்டும்; ஆட்கள் பின்னே கயிறுகளைப் பிடித்துத் தொங்கினர். வழியில் நின்ற தோட்டச் சுவர் ஒன்றையும் இடித்துத் தள்ளினர். காலை ஆறரை மணியளவில் துறையை அடைந்ததும், உண்ணாமலும் உறங்காமலும் படகேறித் துடுப்பு வலித்தனர். கப்பலில் இருந்த 18 பேரும் உயிர் தப்பினர். குதிரைகளில் நான்கு, அயர்ச்சி தாளாமல் இறந்துவிட்டன.

போர்க்களங்களில் இந்தக் கணக்கு இன்னும் பெரிது. 1917-இல் பாஷண்டேல் சேற்றில் பீரங்கிகளை இழுத்த குதிரைகள் பல சேற்றிலேயே மூழ்கின. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படை இழந்த குதிரை, கோவேறு கழுதை முதலிய பிராணிகள் ஏறத்தாழ 4,84,000. 1941-இல் ரஷ்யாவுக்குள் புகுந்த ஜெர்மன் படை 6 லட்சத்துக்கு மேற்பட்ட குதிரைகளைக் கொண்டுசென்றது. அக்டோபர் மழையில் சாலைகள் கூழானபோது மோட்டார் வண்டிகள் நின்றுபோயின. பெருந்தீனி தின்னும் மேற்கத்திய கனத்த குதிரைகளும் தம் எடையாலேயே புதைந்து மடிந்தன. தாக்குப்பிடித்தவை அந்நாட்டுக் குடியானவர்களின் சிறிய மட்டக் குதிரைகள். அவை இலேசான வண்டியோடு சேற்றின்மேல் ஒருவாறு கடந்துவிட்டன. பெரிய உடல் எங்கும் உதவும் என்று எண்ணுவோர் இதையும் கருத வேண்டும்.

நெதர்லாந்தின் அமெலண்ட் தீவில் உயிர்காப்புப் படகைக் கடலில் இறக்கும் பணி 1988 வரை குதிரைகளிடமே இருந்தது. அத்தீவின் கரை நெடுந்தூரம் ஆழமற்றது. ஆதலால் படகு மிதக்கும் ஆழம் வரை குதிரைகளும் தண்ணீருக்குள் செல்ல வேண்டும். 1979 ஆகஸ்ட் 14-ஆம் நாள், உதவி கேட்ட படகொன்றை நோக்கிப் புறப்பட்டபோது எட்டுக் குதிரைகள் கடலில் மூழ்கி இறந்தன. அவற்றைக் கடலோர மணற்குன்றில் அடக்கம் செய்து தீவு மக்கள் நினைவுச் சின்னம் அமைத்துள்ளனர். இழுவைப் பணி இயந்திரத்திடம் சென்ற பின்னரும், ஆண்டில் சில நாட்களில் பழைய படகை வண்டியிலேற்றிக் குதிரைகளைப் பூட்டிக் கடலில் இறக்கிக் காட்டுகின்றனர். அதைக் காணக் கரையில் கூட்டம் கூடுகிறது.